திருநெல்வேலிச் சீமையில் ஆடிட்டர் கிளைகள் எப்படி வந்தன?

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக சி.ஏ. முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் இன்ஸ்டிட்யூட்டுக்கு டெல்லியில் தலைமையகம், சென்னையில் மண்டலம், திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தனித்தனிக் கிளை. ஐம்பது கிலோமீட்டருக்குள் இரண்டு கிளை எதற்கு? யார் திட்டம் போட்டு இப்படி வைத்தார்கள்? எங்கள் ஊர் மாதிரி ஊர்களுக்கு ஏன் ஒன்றும் இல்லை?"

திட்டம் போட்டு வைத்தார்கள் என்று நான் நம்பவில்லை. ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு சட்டம் வந்து ஊருக்குள் வேலையைக் கொட்டியது. அந்த வேலைக்காக ஆடிட்டர்கள் ஊரில் தங்கினார்கள். தங்கியவர்களிடம் பையன்களும் பெண்களும் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. மாணவர்கள் ஆடிட்டரிடம் செய்ய வேண்டிய கட்டாயப் பயிற்சி) சேர்ந்தார்கள். கிளை என்ற பலகை இதற்கெல்லாம் பிறகு மாட்டப்பட்டதுதான். நெல்லைச் சீமையை வைத்து இதைச் சொன்னால் நன்றாகவே புரியும், ஏனென்றால் இங்கே எல்லாத் தொழிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் "ஆடிட்டர் சங்கம்" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இது வணிகர் சங்கம், டாக்டர்கள் சங்கம் மாதிரி பதிவு செய்து நடத்தும் சங்கம் இல்லை. 1949ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் உண்டான அமைப்பு. 1949 ஜூலை 1 முதல் நடைமுறை. அந்தச் சட்டமே மத்தியக் கவுன்சிலுக்கு மண்டலக் கவுன்சில்களை அமைக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. அப்படி வந்தவை ஐந்து: மும்பை, சென்னை, கொல்கத்தா, கான்பூர், டெல்லி. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் சென்னையில் இருக்கும் தென்னிந்திய மண்டலக் கவுன்சிலின் கீழ். அதற்கும் கீழேதான் நம் கிளை.

ஆகவே ஊர்க் கிளைக்கென்று தனிச் சட்ட ஆளுமை கிடையாது. அதன் வரவு செலவு மேலே போய் இன்ஸ்டிட்யூட்டின் கணக்கோடு சேரும். தேர்வு நடத்துவது, உறுப்பினராகச் சேர்ப்பது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது எதுவும் கிளையின் கையில் இல்லை. "உங்க ஆடிட்டர் என் ஃபைலைத் தரமாட்டேங்கிறார்" என்று யாராவது கிளைக்கு வந்து நின்றால், தலைவர் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, முறைப்படி புகார் கொடுக்கும் வழியைச் சொல்லி அனுப்பலாம். அவ்வளவுதான். இத்தனை குறைந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு அமைப்பு ஊரில் வேரூன்றியது எப்படி என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

சரி, பழைய கதைக்குப் போவோம்.

1949க்கு முன்னாலும் தணிக்கை இருந்தது. 1913ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கம்பெனிகளுக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கி, தணிக்கையாளருக்கு மாகாண அரசு சான்றிதழ் தர வேண்டும் என்றது. 1918இல் பம்பாயில் ஜி.டி.ஏ. என்கிற அரசு டிப்ளமோ தொடங்கியது. 1932இல் ஆடிட்டர் சான்றிதழ் விதிகள் வந்து, இந்தியா முழுக்கச் செல்லுபடியாகும் "ரெஜிஸ்டர்டு அக்கவுண்டன்ட்" என்ற தகுதி வந்தது. ஆக ஆட்சியின் கண்ணில் இந்தத் தொழில் அப்போதே தேசிய அளவுக்கு வந்துவிட்டது. ஊர் அளவில் பார்த்தால் நிலைமை வேறு.

திருநெல்வேலிச் சீமைக்குக் கூட்டுப்பங்கு கம்பெனி புதிது இல்லை. வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினபோது மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். 1921இல் அதே தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. அதுதான் 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாமிரபரணித் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. இவற்றுக்கெல்லாம் கணக்கு எழுதியவர்கள் இங்கே நிறையவே இருந்தார்கள். கடைக்குக் கடை கணக்குப்பிள்ளை இருந்தார். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை எல்லாம் அத்துப்படி. உறவின்முறைகளில் மகமை (சமூகத்தார் பொதுவுக்குக் கொடுக்கும் பங்கு) கணக்கைக் கூட்டத்தில் வைத்து எல்லார் காதும் கேட்க வாசிக்கிற வழக்கமும் உண்டு. என்னைக் கேட்டால் அதுவும் ஒரு தணிக்கைதான். கேள்வி கேட்பவர்கள் ஆடிட்டரைவிடக் கறாரானவர்கள். ஆனால் சட்டப்படி கையெழுத்துப் போடும் தகுதி உள்ளவர்கள் பெரும்பாலும் சென்னையில் இருந்தார்கள். ரயிலில் வந்து, தங்கி, பார்த்துவிட்டுப் போவார்கள்.

1949இல் இன்ஸ்டிட்யூட் தொடங்கும்போது நாடு முழுவதற்கும் உறுப்பினர்கள் சுமார் 1,700 பேர். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மாவட்டத்துக்கு ஒரு கிளை என்று யாரும் யோசித்திருக்கவே முடியாது. அதே 1949இல்தான் தாழையூத்தில் இந்தியா சிமென்ட்ஸ் ஆலை உற்பத்தி தொடங்கியது. தொழிற்சாலை இங்கே, தணிக்கை நிறுவனங்கள் சென்னையில் என்கிற ஏற்பாடு அதற்குப் பிறகும் வெகுநாள் நீடித்தது.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். தென்மண்டலத்தின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேசினால் ஆர். சிவபோகம் அம்மையாரைச் சொல்லாமல் நகர முடியாது. இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். வெளியே வந்து படித்து 1933இல் ஜி.டி.ஏ. தேறினார். சிறை சென்றவர்கள் பதிவு செய்யக் கூடாது என்று ஒரு விதி குறுக்கே வந்தது. வழக்குப் போட்டு ஜெயித்து, 1937இல் தொழிலைத் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை தென்னிந்திய மண்டலக் கவுன்சிலுக்குத் தலைவராக இருந்தார். ஒரு மண்டலக் கவுன்சிலுக்குப் பெண் தலைமை 1955லேயே நடந்திருக்கிறது. இன்று நம் கிளையில் மாணவிகள் பாதிக்குப் பாதி உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் மேடையில் இருக்கும் நாற்காலிகளை எண்ணினால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. இதை நான் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குள் வேலை முதலில் பெரிதாக வந்தது 1956க்குப் பிறகு. புதிய கம்பெனிச் சட்டம் சார்ட்டர்டு அக்கவுண்டன்டின் கையெழுத்தை உறுதியாக்கியது. 1961இல் புதிய வருமான வரிச் சட்டம். பிறகு 1969 ஜூலை 19, பதினான்கு வங்கிகள் தேசியமயம். இந்த மூன்றாவதன் விளைவை வெளியூர்க்காரர்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. தேசியமயத்துக்குப் பிறகு களக்காடு, திசையன்விளை, கடையம் என்று வங்கிக் கிளைகள் போனவுடன், ஒவ்வொரு கிளைக்கும் வருடக் கடைசியில் தணிக்கை. அதற்கெல்லாம் சென்னையிலிருந்து ஆள் வந்து கட்டுப்படியாகாது. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அறையில் போர்டு மாட்டின ஆடிட்டருக்கு ஏப்ரல் மாதம் முழுவதற்கும் ஓட்டம் கிடைத்தது. ஆர்ட்டிகிள் பையனைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய், கிளை மேனேஜர் வரவழைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, நகைக்கடன் பையைப் பிரித்துப் பார்த்து, கடைசி பஸ்ஸில் திரும்புவது என்பது ஒரு தலைமுறைக்கே பொதுவான அனுபவம்.

வங்கித் தணிக்கைக்கும் ஊர்க் கிளைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ரிசர்வ் வங்கி வருடா வருடம் வாராக்கடன் விதிகளில் ஏதாவது மாற்றும். மார்ச் கடைசி வாரத்தில் அதைத் தெரிந்துகொள்ளாமல் ஏப்ரலில் கிளம்ப முடியாது. ஆகவே பதினைந்து இருபது பேர் ஒரு ஹோட்டல் ஹாலில் கூடி, மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு சீனியரை வரவழைத்து, ஒரு பகல் முழுக்கக் கேட்பார்கள். இதற்கு ஸ்டடி சர்க்கிள் என்று பெயர். பல ஊர்க் கிளைகளின் விதை இப்படிப்பட்ட ஒரு மார்ச் மாதக் கூட்டம்தான். இன்றைக்கும் எந்தக் கிளையின் நிகழ்ச்சிப் பட்டியலை எடுத்தாலும் மார்ச்சில் வங்கித் தணிக்கைக் கருத்தரங்கு இருக்கும்.

ஆனால் சின்ன நகரங்களின் தலையெழுத்தை மாற்றியது 1984. அந்த ஆண்டு நிதிச் சட்டம் வழியாக வருமான வரிச் சட்டத்தில் 44ஏபி என்ற பிரிவு வந்தது. விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டிய வியாபாரி, வரிக்காகவே தன் கணக்கைச் சார்ட்டர்டு அக்கவுண்டன்டிடம் தணிக்கை செய்தாக வேண்டும். 1985-86 மதிப்பீட்டு ஆண்டு முதல் அமல். அதுவரை ஆடிட்டர் என்றால் கம்பெனிக்கும் வங்கிக்கும் உரியவர். அதன்பிறகு நெல்லை டவுன் மளிகை மொத்த வியாபாரிக்கும், முக்கூடல் பீடிக்காரருக்கும், புளியங்குடி எலுமிச்சை மண்டிக்கும், கோவில்பட்டி தீப்பெட்டி ஆலைக்கும் ஆடிட்டர் தேவைப்பட்டார். 40 லட்சம் அன்றைக்குப் பெரிய தொகைதான். ஆனால் மொத்த வியாபாரத்தில் அது விற்றுமுதல், லாபமில்லை. அரிசி மண்டியில் லாபம் ஒன்றிரண்டு சதவீதம் நின்றாலும் விற்றுமுதல் அந்த எல்லையைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

இந்தப் பிரிவை சி.ஏ. அல்லாத வரி ஆலோசகர்கள் எதிர்த்தார்கள். எங்களுக்குக் கணக்குத் தெரியாதா, ஏன் அவர்களுக்கு மட்டும் இந்த உரிமை என்பது வாதம். 1999இல் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது. தீர்ப்பு தீர்ப்புதான். ஆனாலும் அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் பல வியாபாரிகளுக்கு முதலில் வருமான வரி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த வரி ஆலோசகர்கள்தான், நம்மவர்கள் இல்லை.

வேலை வந்தது, பிறகு சந்தேகங்கள் வந்தன. வரித் தணிக்கை விவரங்களை எழுதும் 3சிடி படிவத்தில் இந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? பீடி இலைக் கணக்கில் அளவு விவரம் எப்படிக் காட்டுவது? துண்டுச் சீட்டில் கொள்முதல் செய்கிற மண்டிக்கு எதை ஆதாரமாக வைப்பது? தனித்தனியாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, போட்டிக்காரன் என்றாலும் பக்கத்து ஆடிட்டரிடம் கேட்பது மேல் என்று தோன்றியது அப்போதுதான். ஒரே வாடிக்கையாளருக்காக முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ஒரே மேசையில் உட்கார்ந்து 3சிடி பேசியதை நான் பார்த்திருக்கிறேன். கிளை என்ற ஒன்றின் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். மற்றவை எல்லாம் பிறகு சேர்ந்துகொண்டவை.

அடுத்து காற்றாலை. இதை நெல்லைக்காரன் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வான். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து பணகுடி, ராதாபுரம் வரைக்கும், இந்தப் பக்கம் கயத்தாறு வரைக்கும் தொண்ணூறுகளில் காற்றாலைகள் நின்றதற்குக் காற்று ஒரு காரணம். வருமான வரிச் சட்டம் இன்னொரு காரணம். காற்றாலைக்கு முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானம். ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்கினால் அந்த ஒரு கோடியும் அந்த வருட லாபத்தில் கழியும். அதனால் பம்பாயிலும் டெல்லியிலும் இருக்கும், காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாத கம்பெனிகள் எல்லாம் ராதாபுரம் வட்டத்தில் நிலம் வாங்கின.

இதில் ஒரு நுணுக்கம். வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய சொத்துக்குத் தேய்மானம் பாதிதான். ஆகவே செப்டம்பர் கடைசிக்குள் காற்றாலையை இயக்கிவிட்டால் முழுச் சலுகை. தவறினால் மார்ச் 31க்குள் இயக்கினால் பாதியாவது கிடைக்கும். இந்த இரண்டு தேதிகளை ஒட்டி மின்வாரிய அலுவலகங்களில் இயக்கச் சான்றிதழுக்கு ஆள் நின்றார்கள். தேதி உண்மைதானா, இறக்கை சுற்றியதா, மின்சாரம் போனதா என்று வருமான வரித் துறை கேட்கும். அதற்கு விளக்கம் தயாரிக்கத் தெரிந்த ஆடிட்டர் இந்த வட்டாரத்தில் இருந்தார். அதாவது முதன்முறையாக வெளியூர்க் கம்பெனிகள் உள்ளூர் ஆடிட்டரைத் தேடி வந்தன. பிறகு சலுகை 80 சதவீதம் ஆனது, நடுவில் நிறுத்தப்பட்டது, மறுபடி வந்தது, 2017 முதல் 40 சதவீத உச்சவரம்பு. காற்று எப்போதும் போல ஆனியிலும் ஆடியிலும் வீசிக்கொண்டுதான் இருக்கிறது, முதலீட்டாளர் கூட்டம்தான் சட்டத்தைப் பார்த்து வந்து போனது.

இன்னொரு தனிக் களம் அறக்கட்டளைகளும் திருச்சபைகளும். பாளையங்கோட்டையில் பள்ளி, கல்லூரி, விடுதி, பார்வையற்றோர் பள்ளி, மருத்துவமனை என்று மிஷன் காலத்திலிருந்தே நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976இல் வந்ததும், நன்கொடை வாங்குபவர்கள் ஆண்டுதோறும் ஆடிட்டர் சான்றிட்ட கணக்கை டெல்லிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. திருப்பூர் ஆடிட்டருக்கு ஏற்றுமதி எப்படியோ, பாளையங்கோட்டை ஆடிட்டருக்கு அறக்கட்டளைக் கணக்கு அப்படி.

இப்போது தூத்துக்குடி ஏன் தனி என்பதற்கு வருகிறேன். 1986இல் மாவட்டம் பிரிந்தது ஒரு காரணம் போலத் தோன்றும், ஆனால் மாவட்ட எல்லைக்கும் இன்ஸ்டிட்யூட் கிளைக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை. தொழில்தான் வேறு. அங்கே 1974இல் பெருந்துறைமுக அந்தஸ்து பெற்ற துறைமுகம், கப்பல் ஏஜென்ட்டுகள், சுங்கம், உப்பளம், ஸ்பிக் உர ஆலை, ஒரு வங்கியின் தலைமையகம். அந்த ஆடிட்டருக்கு இறக்குமதித் தீர்வையும் அந்நியச் செலாவணியும் முக்கியம். இந்தப் பக்கத்து ஆடிட்டருக்கு அறக்கட்டளையும் மண்டியும் முக்கியம். ஒரே கூட்டத்தில் இரண்டையும் பேசினால் ஹாலில் பாதிப் பேர் காபிக்கு வெளியே போய்விடுவார்கள். ஐம்பது கிலோமீட்டர் பெரிய தூரமில்லை என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு, அதுவும் செப்டம்பரில், அந்த ஐம்பது கிலோமீட்டர் பெரிய தூரம்தான். இரண்டு ஊருக்கும் இடையே இருக்கும் செல்லப் போட்டியை நான் எழுத்தில் வைக்க விரும்பவில்லை.

இனி மாணவர்கள். கிளையை நிலைநிறுத்தியது உறுப்பினர்களைவிட மாணவர்கள்தான் என்பது என் கட்சி. பழைய காலத்தில் படிப்பு முழுக்கத் தபால்வழிதான். டெல்லியிலிருந்து பாடப் புத்தகக் கட்டு வரும். விடைத்தாள் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும், திருத்தி வரும். பகலில் ஆபீஸ், இரவில் படிப்பு. ஊரில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. வசதியுள்ளவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குக் கோச்சிங் போனார்கள். மற்றவர்கள், சீனியர்கள் குறிப்பெழுதி விட்டுப்போன புத்தகத்தை வைத்துப் படித்தார்கள். தேறுபவர்கள் குறைவு. இன்டர் முடித்து ஃபைனலில் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் பலர் இன்று ஊரின் மிகச் சிறந்த கணக்காளர்கள்.

பிறகு மாணவர்களுக்குக் கணினிப் பயிற்சி கட்டாயம் என்று இன்ஸ்டிட்யூட் சொன்னது. ஆரம்பத்தில் 250 மணி நேரம், அடுத்து 100 மணி நேரம். அதை எங்கே நடத்துவது? கிளையில். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும், அறை வேண்டும், ஏசி வேண்டும், வாட்ச்மேன் வேண்டும். மாதம் ஒரு கூட்டத்துக்கு ஹோட்டல் ஹால் போதும், தினமும் வரும் மாணவர்களுக்கு ஹோட்டல் ஹால் போதாது. பல கிளைகள் வாடகை மாடியிலிருந்து சொந்தக் கட்டடத்துக்கு நகர்ந்ததற்கு இந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு பெரிய காரணம். பயிற்சிக் கட்டணத்தால் வருமானமும் நின்றது. தென்மண்டலத்தில் மாணவர் அமைப்புக்கு சிகாசா என்று பெயர். கிரிக்கெட், பேச்சுப் போட்டி, ஆலைப் பார்வை என்று அது ஓட ஆரம்பித்ததும், வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு வாசிப்பறையும் கிடைத்தது. கடையநல்லூரிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வரும் பிள்ளை, காலையில் வகுப்பு, பகலில் ஆபீஸ், சாயங்காலம் வாசிப்பறை என்று பொழுதை ஓட்டிவிட்டு பஸ் ஏற முடிந்தது. கோச்சிங்குக்காகச் சென்னையில் அறை எடுக்க முடியாத குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உறுப்பினர்களைக் கட்டிப் போட்டது 2003. அந்த ஆண்டிலிருந்து தொடர்கல்வி கட்டாயம். இப்போது தொழில் செய்யும் உறுப்பினர் மூன்று ஆண்டுகளில் 120 மணி நேரம் காட்ட வேண்டும். இதனால் கிளைக் கூட்டங்களுக்குக் கூட்டம் சேர்ந்தது, நல்லதுதான். அதோடு, கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டோடு நழுவுகிறவர்களும் சேர்ந்தார்கள். நான் பொருளாளராக இருந்தபோது சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று இரண்டு தடவை தலை எண்ணியிருக்கிறேன். வித்தியாசத்தைச் சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல பேச்சாளர் வந்தால் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கிளை நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உறுப்பினர்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், குழுவுக்குள் தலைவர், செயலாளர், பொருளாளர், சிகாசா தலைவர் என்று பிப்ரவரிக்குப் பிப்ரவரி மாறுவார்கள். டெல்லியில் தேசியத் தலைவரே ஆண்டுக்கு ஒரு தடவை அதே பிப்ரவரியில்தான் மாறுகிறார். சம்பளம் கிடையாது. பொன்னாடை உண்டு. ஓராண்டு என்பதால் எந்தத் தலைவரும் தான் தொடங்கியதை முடிப்பதில்லை. கட்டட வேலை என்றால் நாலைந்து தலைவர்கள் கைமாறும். அதேசமயம் யாரும் நாற்காலியில் ஒட்டிக்கொள்வதும் இல்லை. இந்த ஏற்பாட்டில் கிளையின் நினைவாற்றல் முழுக்க அலுவலக ஊழியர் ஒருவரிடம்தான் இருக்கும். எந்த ஃபைல் எந்தப் பீரோவில் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

2007 ஜனவரி 1இல் தமிழ்நாட்டுக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி., இன்ஸ்டிட்யூட் பிறந்த அதே தேதி. அந்த 2017 கோடையில் கிளைகளின் மதிப்பு ஊருக்கே தெரிந்தது. வணிகர் சங்கங்கள், அரிசி ஆலைக்காரர்கள், அல்வாக் கடைக்காரர்கள் எல்லாரும் கிளையைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். அதுவரை உள்ளுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள் முதன்முறையாக ஊர் முன்னால் தமிழில் பேச வேண்டிவந்தது. ஆங்கிலத்தில் இரண்டு மணி நேரம் பேசும் ஆள், தமிழில் "உள்ளீட்டு வரி வரவு" என்று தொடங்கித் திணறி, கடைசியில் "நீங்க கொள்முதல்ல கட்டின வரிய விற்பனை வரில கழிச்சுக்கலாம்ணே" என்றதும்தான் ஹால் தலையாட்டியது. ஜி.எஸ்.டி. தணிக்கை என்று ஒரு வேலை வந்து, 2020-21 முதல் வியாபாரியே சான்று கொடுத்துக்கொள்ளலாம் என்று அதுவும் போய்விட்டது. வங்கிகளிலும் எல்லாக் கிளைக்கும் சட்டத் தணிக்கை என்பது போய், கடன் அதிகமுள்ள கிளைகளுக்கே என்று சுருங்கியது. வரித் தணிக்கை எல்லை 40 லட்சத்திலிருந்து ஒரு கோடி ஆகி, ரொக்கப் பரிமாற்றம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் பத்துக் கோடி வரைக்கும் தணிக்கை வேண்டாம் என்றாகிவிட்டது. ஊருக்கு ஆடிட்டரைக் கொண்டுவந்த வேலைகளே ஒவ்வொன்றாக மெலிகின்றன.

கொரோனாவுக்குப் பிறகு இன்னொரு மாற்றம். தொடர்கல்வி மணி நேரத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் பெறலாம். மும்பையில் பேசுபவரைச் சுரண்டையில் உட்கார்ந்து கேட்கலாம். கேட்பவருக்கு லாபம், கிளை ஹாலுக்கு நஷ்டம். இதைப் பற்றிப் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம் இல்லை. பேச்சை இணையத்தில் கேட்டுக்கொள்ளட்டும். "உங்களுக்கு இந்த நோட்டீஸ் வந்ததா, என்ன பதில் போட்டீங்க?" என்று கேட்பதற்கு நேரில் ஆள் வேண்டும். கிளை அந்த நேரத்தை ஒதுக்கினால் பிழைத்துக்கொள்ளும். மேடை, பேனர், பிரமுகர் அறிமுகம் என்று முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தால் நான்கூட வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

கடைசியாக உங்கள் சங்கரன்கோவில். கிளை தொடங்க ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்கள் அந்தப் பகுதியில் வேண்டும், மண்டலக் கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும், மத்தியக் கவுன்சில் அனுமதிக்க வேண்டும். அந்த எண்ணிக்கை எட்டாத ஊர்களுக்கு ஸ்டடி சர்க்கிள் என்கிற ஏற்பாடு இன்னும் இருக்கிறது. சங்கரன்கோவில், ராஜபாளையம் சாலையில் இருக்கும் ஊர்கள், புளியங்குடி, கடையநல்லூர் என்று விசைத்தறியும் மண்டியும் உள்ள இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஸ்டடி சர்க்கிளுக்கு ஆள் தேறும் என்றுதான் தோன்றுகிறது. தென்காசி 2019இல் தனி மாவட்டம் ஆனபிறகு அந்தப் பக்கம் புதிய அலுவலகங்களும் வந்திருக்கின்றன. அரசு ஆணைக்காகக் காத்திருக்க வேண்டிய விஷயம் இது இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் ஆபீஸில் எட்டு நாற்காலி போட்டால் அது தொடங்கிவிடும். நெல்லைக் கிளையிலிருந்து பேச ஆள் அனுப்பச் சொல்லுங்கள், வருவார்கள். திரும்பி வரும்போது புளியங்குடி எலுமிச்சை ஒரு பை கிடைக்கும் என்றால் நானே வருகிறேன்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். ஒரு உறுப்பினர் எந்த மண்டலம், எந்தக் கிளை என்பதை இன்ஸ்டிட்யூட் அவருடைய பதிவில் இருக்கும் தொழில் முகவரியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்தபோது கொடுத்த முகவரியை ஊருக்கு வந்தபிறகும் மாற்றுவதில்லை. அதனால் ஆள் சங்கரன்கோவிலில் இருந்தாலும் கணக்கில் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறார். உங்களுக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து, இணையத்தில் உள்ளே போய் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். அடுத்த தடவை நெல்லைக் கிளைக்கு வரும்போது அந்தப் பட்டியலைக் கையோடு கொண்டுவாருங்கள், எட்டு நாற்காலியா பதினெட்டா என்று பார்த்துவிடலாம்.